யார் வீட்டுப் பசி

நம்புறவங்க தாராளமா நம்பலாம், நம்பாதவங்க என் பக்கத்துல வந்து உக்காருங்க, ஏன்னா நானும் எதையும் லேசுல நம்புற ஆள் இல்ல. ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னா நீங்க பஸ் ஏறிப் போய் விசாரிப்பீங்க, உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா. ஆளுங்க பேரையும் மாத்தித்தான் சொல்லப் போறேன். மிளகாய் வத்தல் கமிஷன் கடைங்க வரிசையா இருக்குற ஊரு, தும்மாம யாரும் கடைத்தெருவைத் தாண்ட முடியாது, எங்க வீட்டுக்காரருக்கும் அங்க ஒரு கடை இருக்கு, அதுக்கு மேல கேக்காதீங்க.

அந்த ஊருக்கு ஒரு ஆடி மாசம், செவ்வாக்கிழமை மத்தியானம், பசி வந்தது. பசி எல்லா ஊருக்குந்தான் வரும், ஆனா இது சாப்பிட்டு முடிச்ச பிறகு வந்த பசி. வங்கி மேனேஜர் டிபன் பாக்ஸை மூடிட்டு எந்திரிக்கிறாரு, வயிறு கத்துது; மூட்டை தூக்குறவங்க பழைய சோத்தை வழிச்சுக் குடிச்சுட்டுக் கை கழுவுறாங்க, வயிறு கத்துது; கல்யாண வீட்டுல பந்தி முடிச்சு வெத்தலை போட்டவங்க, பால் குடிச்சு முடிச்ச கைப்பிள்ளைங்க, நேத்துத்தான் விரதம் முடிச்ச ஐயரு, எல்லாருக்கும் ஒரே நேரத்துல, தொப்புளுக்கு ஒரு விரக்கடை மேல, ஈரத்துணியை முறுக்குன மாதிரி ஒரே இழுப்பு. அன்னைக்கு ராத்திரி ஊர்ல எல்லா அடுப்பும் ரெண்டாந்தரம் எரிஞ்சது. அப்பவும் அடங்கல.

முதல்ல நான் சந்தேகப்பட்டது அரிசிக் கடைக்காரரை. புது அரிசியில எதையோ கலந்துட்டாருன்னு சொன்னேன், அவரு ஓட்டல்காரங்களைச் சொன்னாரு, ஓட்டல்காரங்க முனிசிபாலிட்டித் தண்ணியைச் சொன்னாங்க. டாக்டர் எல்லாருக்கும் பூச்சி மாத்திரை எழுதிக் கொடுத்தாரு, எழுதும்போது அவரு வயிறே கத்துனது வெளியில பெஞ்சுல இருந்தவங்களுக்குக் கேட்டுச்சு. மாத்திரையும் முழுங்கியாச்சு, வேப்பிலையும் அரைச்சுக் குடிச்சாச்சு, பூசணிக்காயும் முச்சந்தியில உடைச்சாச்சு. பசி அது பாட்டுக்கு இருந்தது.

பஸ் கண்டக்டருங்கதான் ஒண்ணைக் கண்டுபிடிச்சாங்க. ரயில்வே கேட்டைத் தாண்டிட்டா பசி இல்ல, திரும்பி கேட்டுக்குள்ள வந்தா பழையபடி பிடிச்சுக்குது. அதுக்கப்புறம் பார்க்கணுமே எங்க ஊரு சனத்தை: மத்தியானம் வீட்டுல சாப்பிட்டுட்டு, குடும்பத்தோட நடந்தோ வண்டியிலயோ கேட்டுக்கு அந்தப் பக்கம் போய், புளியமரத்து நிழல்ல உக்காந்து, சாப்பிட்ட சாப்பாட்டோட நிறைவைக் கொஞ்ச நேரம் அனுபவிச்சுட்டுத் திரும்பி வருவாங்க. அங்க ஒரு பீடாக்கடை கூட வந்துட்டு. மனுசன் எதுக்கும் பழகிக்கிடுவான்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு, எனக்கு அந்தப் பழக்கமே பயமா இருந்தது.

வயிறு முட்ட நிறைஞ்சிருக்கு, அப்பவும் பசிக்குது, அப்படின்னா இது நம்ம பசி இல்ல, கேட்டுக்கு இந்தப் பக்கம் யாரோ ஒருத்தர் பட்டினி கிடக்காங்க, அவங்க பசிதான் ஊர் பூரா பரவிக் கிடக்குன்னு ஒரு பேச்சு கிளம்புச்சு. முதல்ல சொன்னது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் சண்டை நடக்குது. ஆனா சொன்னதும் யாரும் ஆச்சரியப்படல, எல்லாரும் பக்கத்து வீட்டைத்தான் திரும்பிப் பார்த்தாங்க.

எனக்கு வந்த கவலை வேற. ஆவணி மாசம் எங்க மக சுபாஷினிக்குக் கல்யாணம். எங்க பக்கத்துல கல்யாணத்தை நகையை வச்சுப் பேசுறது ஒரு வாரம், பந்தியை வச்சுப் பேசுறது ஆயுசுக்கும். பொண்ணு வீட்டுல உக்காந்து சாப்பிட்டோம், பசியோட எந்திரிச்சோம்னு ஆயிரம் பேரு சொல்லிட்டுப் போனா, அப்புறம் நான் எந்த விசேஷ வீட்டுப் படியேறுவேன்? அந்தப் பட்டினிக்காரரை முகூர்த்தத்துக்கு முந்திக் கண்டுபிடிச்சாகணும். எனக்கு அவரு மேல இரக்கம்னு நீங்க நினைச்சுக்கிட வேண்டாம், எனக்கு என் பந்தி முக்கியம்.

மாப்பிள்ளை சிவகுருநாதன் ஷார்ஜாவுல ஒரு சூப்பர் மார்க்கெட்ல வேலை. அவங்க அம்மா பகவதியம்மாள், என் வருங்காலச் சம்பந்தி, ரெண்டு தெரு தள்ளி தனியா இருந்தாங்க, வீட்டுக்காரரு தவறி ரொம்ப வருசமாச்சு. நிச்சயம் பேசும்போது அந்தம்மா எதுவும் கேக்கல. நகை உங்க இஷ்டம், சீர் வேண்டாம், பொண்ணை மட்டும் அனுப்புங்கன்னு சொன்னாங்க. எங்க வீட்டுக்காரரு உருகிப் போயிட்டாரு. எனக்கு அன்னைக்கே சந்தேகம் தட்டுச்சு, எதுவும் வேண்டாம்னு ஒருத்தர் சொன்னா உள்ள என்னமோ இருக்குன்னுதானே அர்த்தம். அதனால நான்தான் ஒண்ணு கேட்டேன்: எங்க பொண்ணு மெட்ராஸ்ல படிச்சவ, ரூமோட சேர்ந்த பாத்ரூம் இருந்தா சௌகரியப்படுவா. அந்தம்மா கொஞ்சங்கூட யோசிக்காம, "கட்டிட்டாப் போச்சு மதினி" அப்படின்னாங்க.

ஊர் வர்த்தக சங்கம் கூட்டம் போட்டுது. தலைவர் தெய்வசிகாமணி நல்ல மனுசன், ஆனா ஒரு வாழைப்பழம் தானம் கொடுத்தாலும் தோலைத் திருப்பி வாங்கிப் பார்க்கிற ஆளு. உதவுறதுக்குச் சங்கம் தயங்கல, ஆனா யாருன்னு தெரியணும்னு ஆரம்பிச்சாரு. சோம்பேறியா இருந்தா சோறு போட்டு இன்னும் கெடுத்த பாவம் நமக்கு, குடிகாரனா இருந்தா போடுற சோத்தை வித்துக் குடிச்சிருவான், வெளியூர்க்காரனா இருந்தா அவன் ஊர்க்காரன்ல போடணும்னு ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் பேசுனாங்க. எல்லாருக்கும் வயிறு கத்திக்கிட்டே இருந்தது, அந்தச் சத்தத்துக்கு மேல கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. பின் வரிசையில இருந்து ஒருத்தரு, நாம ஒண்ணும் செய்யாம இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தா அது தானாவே முடிஞ்சு போயிரும்லான்னு மெதுவாச் சொன்னாரு. அவரு என்ன சொல்றாருன்னு எல்லாருக்கும் புரிஞ்சது, யாரும் அவரைத் திட்டல. பொம்பளைங்க பக்கத்துல உக்காந்து முகூர்த்த நாளை விரல் விட்டு எண்ணிக்கிட்டிருந்த நானும் திட்டல.

கடைசியில ஆட்டோவுல மைக் கட்டி, பட்டினி கிடப்பவர் தக்க ஆதாரத்துடன் சங்கக் கட்டடத்துக்கு நேரில் வரவும்னு தெருத்தெருவாச் சொல்லிட்டுப் போனாங்க. வந்தாங்களே ஒரு கூட்டம்! சோதிக்கிற விதம் சுலபம், வந்தவருக்குச் சாப்பாடு போடணும், அவரு சாப்பிடச் சாப்பிட ஊர் வயிறு நிறையுதான்னு பார்க்கணும். பஸ் ஸ்டாண்டுல படுத்துக் கிடக்குற ஒரு ஆளை மேசையில உக்கார வச்சுப் பரோட்டா மேல பரோட்டாவாப் போட்டாங்க, சுத்தி நின்ன இருநூறு பேரும் தொப்புளுக்கு மேல கையை வச்சுக்கிட்டுக் கண்ணை மூடி நிக்கிறாங்க. அவன் ஏப்பம் விட்டான், எங்களுக்கு ஒண்ணும் ஆகல. தின்ன பரோட்டாவுக்குச் சங்க வாசலைக் கூட்டிட்டுப் போன்னு விளக்குமாத்தைக் கையில கொடுத்துட்டாங்க. கோவில் வாசல்ல கை நீட்டுறவங்களைக் கேட்டா, எங்களுக்கே சாப்பிட்ட பிறகும் பசிக்குதம்மா, உங்க ஊர்ல ஏதோ சரியில்லன்னு சொல்லிட்டு அவங்க கேட்டுக்கு அந்தப் பக்கம் குடி போயிட்டாங்க.

அப்ப மொத்தமா அன்னதானம் போட்டுருவோம், எந்தப் பட்டினிக்காரனா இருந்தாலும் அதுல வந்து விழுந்துதானே ஆகணும்னு தெய்வசிகாமணி முடிவெடுத்தாரு. பிளக்ஸ் பேனர்ல எல்லாக் கடைக்காரங்க முகமும் இருந்தது, எங்க வீட்டுக்காரரு முகம் ஓரத்துல பாதி வெட்டுப்பட்டிருந்தது. பரிமாற நல்ல குடும்பத்துப் பொம்பளைங்களைத்தான் கூப்பிடுவாங்க, கரண்டி பிடிக்கச் சொல்றது ஒரு மரியாதை. பரிமாறுறவங்க அங்க கை நனைக்க மாட்டாங்க. தர்மச் சாப்பாட்டுல உக்காந்து எந்திரிச்சா, மறுநாள் அந்த வீட்டுல யாரு சம்பந்தம் பேசுவாங்க? நான் கூட்டு வச்சேன், பகவதியம்மாள் மதினி சாம்பார் வாளி எடுத்தாங்க. கஞ்சி போட்ட சேலை, நெத்தியில பளிச்சுன்னு திருநீறு, கை மட்டும் லேசா நடுங்குச்சு, வாளி கனம்போலன்னு நினைச்சுக்கிட்டேன். அன்னைக்கு இருந்த பசி மாதிரி என்னைக்கும் இருந்ததில்ல. சாம்பார் வாசனை எழும்ப எழும்ப, பந்தியில இருந்தவங்க வாயில சோத்தை வச்சுக்கிட்டே வயித்தைப் பிடிச்சுச் சுருண்டாங்க, தெருக்கோடியில நின்ன போலீஸ்காரரு சைக்கிளைப் போட்டுட்டு உக்காந்துட்டாரு.

அதுக்கப்புறம் ஒரு நாள் முகூர்த்தச் சேலையைக் காட்டுறதுக்கு மதினி வீட்டுக்குப் போனேன். வாசல்ல புதுப் பெயின்ட் வாசனை. என்னை உள்ள கூட்டிட்டுப் போய் அந்தப் பாத்ரூமைத் திறந்து காட்டுனாங்க, நீலக் கல்லு பதிச்சு, வெந்நிக்கு ஒரு குழாய், பச்சத்தண்ணிக்கு ஒரு குழாய். ரெண்டையும் திறந்து காட்டி, "திருப்திதானே மதினி?"ன்னு கேட்டாங்க. தட்டுல ரெண்டு முறுக்கும் தண்ணியா ஒரு காப்பியும் வந்தது. நீங்களும் எடுங்கன்னேன், இப்பத்தான் சாப்பிட்டேன்னாங்க. முறுக்குல எண்ணெய் காறல் அடிச்சது, ஒண்ணை மரியாதைக்குத் தின்னுட்டு இன்னொண்ணுல பாதியைக் கடிச்சுட்டு மீதியைத் தட்டுலயே வச்சுட்டேன். எந்திரிக்கும்போது அடுப்படியை எட்டிப் பார்த்தேன், எந்த வீட்டுக்குப் போனாலும் பார்ப்பேன். அடுப்பு அவ்வளவு சுத்தமா இருந்தது, பால் பொங்குன கறை கூட இல்ல. தினம் ஓட்டல்ல வாங்கித் திங்கிற பழக்கம் போல, நம்ம பொண்ணுக்கு இந்தச் செலவெல்லாம் கட்டுபடியாகுமான்னு நினைச்சுக்கிட்டே கிளம்புனேன்.

தெருமுனைக்கு வந்திருப்பேன். என் வாயில ஒண்ணும் இல்ல, ஆனா பல்லுக்கு நடுவுல முறுக்கு நொறுங்குச்சு. பூக்கட்டிக்கிட்டிருந்தவ நாரைக் கீழ போட்டுட்டுக் கன்னத்தைப் பிடிச்சா. பஞ்சர் ஒட்டுறவரு நிமிர்ந்து, "யாரோ என்னமோ திங்கிறாங்க"ன்னு சொன்னாரு. தெரு பூராவும் வேலையை விட்டுட்டு, இல்லாத முறுக்கை மென்னுக்கிட்டு நின்னது. பாதி முறுக்கு, அவ்வளவுதான், முழுங்கி முடிஞ்சதும் பசி ஒரு இணுக்கு குறைஞ்சது. அது நான் தட்டுல மிச்சம் வச்சுட்டு வந்த முறுக்குன்னு அந்த ஊர்ல எனக்கு மட்டுந்தான் தெரியும்.

எனக்கு வந்தது இரக்கம் இல்ல, ஆத்திரம். நல்லா ஏமாத்திட்டாங்களே, சாப்பாட்டுக்கே இல்லாத வீட்டுல பொண்ணைத் தள்ளப் பார்த்தோமே, அதான் சீர் வேண்டாம்னு பெரிய மனுசத்தனம் பேசுனாங்களான்னு வீட்டுக்கு வந்து குதிச்சேன். எங்க வீட்டுக்காரரு தலையில கையை வச்சு உக்காந்துட்டாரு. மகன் அனுப்புற சம்பளம் எங்க போகுதுன்னு கேட்டாரு. எனக்கும் அந்தக் கேள்விதான், கல்யாணத்தை நிறுத்துங்க, என்ன ஏதுன்னு விசாரிப்போம்னு சொன்னேன். சுபாஷினி கதவுப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டிருந்திருக்கா.

"அவங்க நம்மகிட்ட எதையாவது கேட்டாங்களாம்மா?"

"ஒண்ணும் கேக்கல."

"நீ கேட்டல்ல."

அந்த நீலக் கல்லும் ரெண்டு குழாயும் என் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. மகன் அனுப்புனதெல்லாம் அந்தச் சுவத்துல போயிருக்கு, அதுக்கும் பத்தாம அந்தம்மா தன் உலையை நிறுத்திருக்காங்க.

அந்தம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்குறதுன்னு முடிவாச்சு, எப்படிக் கொடுக்கிறது? சங்கத்துல சொன்னா பேனரோட வாசல்ல வந்து நிப்பாங்க. மாப்பிள்ளைகிட்டச் சொன்னா, அம்மா பட்டினின்னு பொண்ணு வீட்டுல இருந்து சேதி வந்துச்சுன்னு அந்தம்மா அன்னைக்கே நாண்டுக்கிட்டுச் செத்துப் போயிரும். அரிசி மூட்டையை அனுப்புன்னாரு எங்க வீட்டுக்காரரு, எந்தப் பேரைச் சொல்லி அனுப்புறது? ஆடிப் பலகாரம்னு சொல்லி ஒரு பெரிய தூக்குல லட்டும் முந்திரிக்கொத்தும் சுபாஷினி கையில கொடுத்து விட்டேன், வாசல்ல நின்னு என் வாய்க்கு லட்டு ருசி வருமான்னு காத்துக்கிட்டிருந்தேன். வரல. சம்பந்தி வீட்டுப் பலகாரம்னு பெருமையா, தெரு பூராவும் வீடு வீடா அந்தம்மாவே கொண்டு போய்க் கொடுத்து முடிச்சுட்டு, தூக்கைக் கழுவித் துடைச்சுத் திருப்பி அனுப்பிட்டாங்க. அவங்க நாக்குல ஒரு பொட்டு படல.

அதுக்கப்புறந்தான் அந்தக் கூத்து. ஊர்ப் பசி மெலிய ஆரம்பிச்சது. ஒரு நாள் கொஞ்சம் குறைஞ்சது, மறுநாள் இன்னும் குறைஞ்சது, இழுப்பு போய் வெறும் அசதி மாதிரி ஆயிருச்சு. ஜனங்க சந்தோசத்துல வெடி போட்டாங்க, அன்னதானம் பலிச்சுட்டுன்னு தெய்வசிகாமணி புதுப் பேனர் அடிக்கச் சொன்னாரு, கேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பீடாக்கடைக்காரரு கடையைக் கட்டுனாரு. கல்யாணப் பந்திக்கு இனி பயம் இல்லன்னு எங்க வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனவங்க எத்தனை பேரு. எனக்கு மட்டுந்தான் விஷயம் புரிஞ்சது. அந்தப் பசி தீரல, பசிக்கிற ஆளு தீர்ந்துக்கிட்டு வருது. இன்னும் ரெண்டு நாள் நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா, சாவு விழுந்து கல்யாணம் தள்ளிப் போனாலும், பின்னால என் பந்தி நிறைவா நடக்கும். அதை நினைச்சதும் எனக்கு என் மேலயே அருவருப்பாயிருச்சு, செருப்பைக் கூட மாட்டாம ஆட்டோ பிடிச்சு ஓடுனேன்.

கதவைத் தட்டி ரொம்ப நேரம் கழிச்சுத் திறந்தாங்க. படுத்திருந்திருப்பாங்க, ஆனாலும் தலையைச் சீவித் திருநீறு பூசிட்டுத்தான் வந்தாங்க. என்ன சொல்றதுன்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டு வந்தது எல்லாம் அந்த முகத்தைப் பார்த்ததும் மறந்து போச்சு. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், அதைத்தான் செஞ்சேன், வாசல்ல நின்னே திட்ட ஆரம்பிச்சேன். கல்யாணச் சமையலுக்குப் பேசியிருக்கிற நெல்லையப்பன் என்னை ஏமாத்துறான், புளியில மோசம் பண்றான், பருப்புல மோசம் பண்றான், எங்க வீட்டுக்காரருக்கு நாக்கு செத்துப் போச்சு, என் மகளுக்கு ருசியே தெரியாது, எனக்கு ஒருத்தர் மேலயும் நம்பிக்கை இல்ல, நீங்க வந்து சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லாம நான் கல்யாணத்தை நடத்த மாட்டேன்னு கத்துனேன். அக்கம் பக்கத்துல எட்டிப் பார்த்தாங்க. ஆவுடை எதைத்தான் நம்புனா, இதை நம்புறதுக்குன்னு என் பேரைச் சொல்லி ஒருத்தி சிரிச்சா. சிரிக்கட்டும்.

மதினி என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம் சேலைத் தலைப்பைச் சரி பண்ணிக்கிட்டு, சம்பந்தி வீட்டுக் காரியம், பார்த்துத்தானே ஆகணும்னு சொல்லி வந்து ஆட்டோவுல ஏறுனாங்க. ஏறும்போது என் தோளைப் பிடிச்ச கையில கனமே இல்ல.

எங்க வீட்டுக்குப் போனதும் நெல்லையப்பனுக்கு ஆள் விட்டேன். வந்து, விஷயம் தெரிஞ்சதும், இத்தனை வருசத்துல என் சமையலைச் சோதிக்க ஆள் கூட்டிட்டு வந்தது நீங்கதாம்மான்னு கரண்டியைத் தூக்கிப் போட்டாரு. அவரு விட்ட ஏச்சையெல்லாம் வாங்கிக்கிட்டு, முதல்ல குழைய வடிச்ச சோறும் தெளிவு ரசமும் வைங்க, காரம் போடாதீங்கன்னு சொன்னேன். இலையைப் போட்டு நானே பக்கத்துல உக்காந்துக்கிட்டேன். ஒரு வாய் பார்த்துட்டு நிறுத்தப் பார்த்தாங்க. ஒரு வாயில என்ன தெரியும் மதினி, பந்தியில ஒரு வாயா சாப்பிடுவாங்க, முழுசாச் சாப்பிட்டாத்தான் அந்த ஆளோட திருட்டுத்தனம் தெரியும்னு சொல்லி மறுபடி சோத்தை வச்சேன். ரெண்டாவது வாய்க்கு அப்புறம் அந்தம்மா என்னைப் பார்க்கல, இலையைத்தான் பார்த்தாங்க.

முதல்ல பசி திரும்ப வந்தது, குறைஞ்சு போன பசி மொத்தமும், கண்ணு இருட்டுற மாதிரி. தெருவுல யாரோ ஐயோன்னாங்க. பிறகு ஒவ்வொரு வாயா அது அடங்குச்சு. இளஞ்சூடா ரசம் எல்லாரு தொண்டையிலயும் இறங்குச்சு. பக்கத்து வீட்டுல ஆடி மாசம் பூராவும் அழுதுக்கிட்டிருந்த கைப்பிள்ளை அழுகையை நிறுத்திட்டுத் தூங்கிருச்சு. கடையில இருந்து எங்க வீட்டுக்காரரு போன் பண்ணி, ஆவுடை, வயிறு நிறைஞ்சுட்டுன்னு சொல்லிட்டு வச்சுட்டாரு. நான் சேலைத் தலைப்பால மூக்கைத் துடைச்சுக்கிட்டேன், வத்தல் நெடின்னு சொல்லிக்கிட்டேன்.

மதினி இலையை மடிச்சாங்க. கை கழுவிட்டு வந்து, நெல்லையப்பனுக்கும் கேக்குற மாதிரிச் சொன்னாங்க.

"ரசத்துல உப்பு ஒரு கல்லு கம்மி மதினி. இந்த ஆளை நம்ப முடியாது. நாளைக்கும் நான் வந்து பார்க்கேன்."

ரசத்தை இறக்குன உடனே நான் ருசி பார்த்திருந்தேன், உப்பு சரியாத்தான் இருந்தது.

"எனக்கும் அதேதான் தோணுச்சு மதினி. ராத்திரிக்கும் வாங்க"ன்னு சொன்னேன்.